புடவைக் கணக்கு

அன்புள்ள கதிருக்கு,

2025 பட்ஜெட் அன்று நீ பத்திரிகையில் எழுதியதை அப்பா செல்போனில் காட்டினார். நிதியமைச்சராக பட்ஜெட் வாசித்த நிர்மலா சீதாராமனின் மதுபனி ஓவியப் புடவை பற்றி எட்டுப் பத்தி! எழுதச் சொன்னது உன் டெஸ்க்தான் என்று தெரியும். நடையிலும் குறையில்லை.

ஆனால் அந்தப் புடவையிலேயே ஒரு செய்தி இருந்ததே, அதை ஏன் விட்டாய்? கொடுத்தவர் பீகார் ஓவியர் துலாரி தேவி. 2025 பீகாருக்குத் தேர்தல் வருஷம். அதே பட்ஜெட்டில் பீகாருக்கு மக்கானா (தாமரை விதை) வாரியம் அறிவித்தார்கள். இதைச் சேர்த்து எழுதியிருந்தால் அது அரசியல் செய்தி. 'எளிமையில் மிளிர்ந்தார்' என்பதைத் துணிக்கடைக்காரர் எழுதிக்கொள்வார். ப. சிதம்பரம் வேட்டி கட்டிக்கொண்டுதானே பட்ஜெட் வாசித்தார், அந்த வேட்டியின் கரையைப் பற்றி யாராவது எட்டுப் பத்தி எழுதினார்களா?

எனக்கு வேண்டிய செய்தி வேறு. மூத்த குடிமக்களின் வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரிக்கான (டி.டி.எஸ்.) வரம்பு 50,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்ந்தது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இது பழைய வியாதிதான். 1996 டிசம்பரில் போயஸ் தோட்டத்தில் ஜெயலலிதா வீட்டில் சோதனை நடந்தபோது நீ கைக்குழந்தை. 10,500 புடவை, 750 ஜோடி செருப்பு என்று ஊரே பேசியது. எங்கள் வங்கிக் கிளையில் கவுன்டருக்கு வந்தவர்கள் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே அதைத்தான் பேசினார்கள். வழக்கோ 66 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து சேர்த்ததாக. இன்றைக்கு யாரையாவது கேட்டுப் பார், செருப்புக் கணக்கு டக்கென்று வரும். எந்தக் கம்பெனி பெயரில் எந்த நிலம் வாங்கப்பட்டது என்றால் விழிப்பார்கள். ஜெயலலிதாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர் குற்றவாளி என்ற தனி நீதிமன்றத் தீர்ப்பை 2017இல் உச்ச நீதிமன்றமே சரி என்றது, அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செருப்பை எண்ணிய வேகத்தில் பத்திரங்களை யாரும் படிக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். பெண் என்பதால் அவமானமும் கூடுதல், செய்ததற்கான கேள்வியும் குறைவு. இன்னொன்று, காமராஜர் கல்யாணம் செய்யாதது தியாகம், இவர் செய்யாதது கிசுகிசு. அதையும் அதே பத்திரிகைகளில்தான் படித்தோம்.

அடுத்த வருஷமும் உன் தலையில் புடவையைத்தான் கட்டுவார்கள். கட்டினால், யார் நெய்தது, கூலி என்ன, அந்த பட்ஜெட்டில் கைத்தறிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்டு எழுதுடா. டெஸ்க் வெட்டினால், வெட்டாத பிரதியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா