பூட்டை மட்டும் நம்பாதே

அன்புள்ள கயல்,

கோ-வொர்க்கிங் ஆபீஸில் மேசை எடுத்திருப்பதாகச் சொன்னாய். வாசலில் கதவைத் திறக்கும் கார்டும் கூரையில் கேமராவும் இருக்கின்றன என்று அசந்துவிடாதேம்மா. அந்தக் கார்டு உனக்கு அறிமுகமில்லாத எத்தனையோ கம்பெனிக்காரர்களிடமும் இருக்கும்.

கேபிள் பூட்டு வாங்குமுன் லேப்டாப்பின் ஓரத்தைப் பார். பூட்டை மாட்டுவதற்கான வழக்கமான கென்சிங்டன் துளை 7-க்கு 3 மில்லிமீட்டர். மெலிந்த மாடல்களில் 6-க்கு 2.5 அளவுள்ள நானோ துளை. டெல்லில் பலவற்றுக்கு ஆப்பு வடிவத் துளை. ஒன்றின் பூட்டு மற்றதில் நிற்காது. கேபிளை மேசைக்காலில் சுற்றாதே, மேசையைக் கொஞ்சம் தூக்கினால் வளையம் கீழ்வழியாக உருவி வந்துவிடும். கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் போடு. பூட்டியதும் இழுத்துப் பார். எண் பூட்டானால் எல்லாச் சக்கரங்களையும் கலைத்துவிடு. ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. இவ்வளவும் போகிற போக்கில் தூக்குகிறவனைத் தடுக்கத்தான். கட்டர் கொண்டுவருகிறவனுக்கு அது சில விநாடி வேலை. இரவில் அங்கே வைத்துவிட்டு வராதே.

திருட்டைவிட எனக்குப் பெரிய கவலை, யாராவது திறந்து கைவைத்துவிட்டு மூடி வைப்பது. அடிமூடியின் இரண்டு திருகுகள்மேல் கிளிட்டர் நெயில் பாலிஷ் தடவு. பக்கத்து உலோகத்திலும் படிய வேண்டும்; திருகின் தலையில் மட்டும் இருந்தால் திருகோடு சேர்ந்து சுழன்று வந்துவிடும். காய்ந்ததும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போனில் வை. துகள்கள் விழுந்த விதத்தை அப்படியே திரும்ப உண்டாக்குவது மிகக் கடினம். 2013 டிசம்பரில் ஜெர்மனியின் 30சி3 ஹேக்கர் மாநாட்டில் விளக்கப்பட்ட முறை இது. ஸ்டிக்கர் வேண்டாம், சூடேற்றினால் கிழியாமல் உரியும்.

டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டாயிற்று என்றாய். அந்தச் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பை மட்டும் நம்பினால், ஆன் செய்தவுடனே சாவியைச் சிப் தானாகக் கொடுத்துவிடும். சில போர்டுகளில் வழியிலேயே அதை ஒட்டுக்கேட்கலாம். விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்பில், ஆன் செய்ததும் கேட்கும் ஸ்டார்ட்அப் பின் எண்ணைக் கட்டாயமாக்கி, 8 இலக்கமாவது வை. மூடியைச் சாத்தினால் ஸ்லீப் அல்ல, எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் ஆகட்டும். ஸ்லீப்பில் சாவி தற்காலிக நினைவகமான ரேமிலேயே கிடக்கும். லேப்டாப்பைத் துவக்கிவைக்கும் பயாஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டு, யுஎஸ்பியிலிருந்து அது துவங்காதபடி நிறுத்து. பொதுவில் கிடக்கும் கீபோர்டை மாட்டவே மாட்டாதே. நீ அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதியும் கருவியை அதனுள்ளேயே ஒளித்துவைக்க முடியும்.

பின் மறந்தால் டிஸ்க்கைத் திறக்க உதவும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி, அடுத்தமுறை வரும்போது வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போ. லேப்டாப் பையில் வைத்துவிடாதே. பில்லையும் சீரியல் எண்ணையும் அம்மாவுக்கு அனுப்பிவை, போலீஸில் புகார் கொடுக்க நேர்ந்தால் தேவைப்படும். மாடல் எண்ணை எனக்கு அனுப்பு. எந்தத் துளை என்று பார்த்துச் சொல்கிறேன், பிறகு பூட்டு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா