வீட்டு வென்டிலேட்டரைத் தொலைவிலிருந்து கவனிக்கும் மருத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீட்டில் வென்டிலேட்டரோடு வாழ்பவர்களை இணையம் வழியே கவனிப்பதை வரவேற்கிறோம். ஆனால் உங்கள் திரைக்கு வரும் தகவல் இரவுக் காவல் அல்ல என்பதைக் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல கருவிகள் நாளுக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்புகின்றன. நள்ளிரவில் குழாய் கழன்றால் உங்களுக்குக் காலையில்தான் தெரியும். அப்போது உயிரைக் காப்பது படுக்கையருகே அடிக்கும் அலாரமும் கைக்கெட்டும் ஆம்பு பேக்கும்தான் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை).

அந்த அலாரமும் ஏமாற்றும். கழுத்தில் சிறிய டிரக்கியாஸ்டமி குழாய் (மூச்சுக்குழாயில் துளையிட்டுப் பொருத்தும் குழாய்) உள்ளவருக்கு, அது முழுதாக வெளியே வந்துவிட்டாலும், அதன் குறுகிய துவாரம் தரும் தடையால் அழுத்தம் குறையாமல் நின்று, அலாரம் மௌனமாகிவிடலாம். இதை வீடியோ அழைப்பிலேயே சோதிக்கலாம். நோயாளியை மாற்று வென்டிலேட்டருக்கு மாற்றியபின், அவரது வழக்கமான கருவியின் சர்க்யூட் (காற்றைக் கொண்டுவரும் குழாய்) முனையில் அதே அளவு உபரிக் குழாயை மாட்டி, காற்றில் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். அடிக்காவிட்டால், அடிக்கும்வரை அழுத்த எல்லையையும் மூச்சளவு எல்லையையும் திருத்துங்கள். மாற்றுக் கருவி இல்லாத வீட்டில் இதை நேரில் போய்த்தான் செய்ய வேண்டும்.

மாஸ்க் வழியே மூச்சுப் பெறுபவரிடம், காற்று எவ்வளவு கசிகிறது என்று கருவி காட்டும் கசிவு எண்ணிலும் கவனம் தேவை. சில கருவிகள் மாஸ்க்கின் துளைவழி இயல்பாக வெளியேறும் காற்றையும் சேர்த்துக் காட்டும். சில அதைக் கழித்துவிடும். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்பது ஒன்றில் சாதாரணம், இன்னொன்றில் மாஸ்க் சரியில்லை என்று பொருள். எல்லோருக்கும் ஒரே எல்லை வைத்தால் வீண் எச்சரிக்கைகள் குவியும், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆக்சிஜனும் இணைத்திருப்பவரின் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 95 சதவீதம் என்று காட்டும்போதே ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறலாம். காலைத் தலைவலி, பகல் மயக்கத் தூக்கம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ரத்த வாயுப் பரிசோதனை செய்யுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு மூச்சு எண்ணிக்கை சில நாளாகத் தொடர்ந்து கூடினால், அது நோய் தீவிரமாவதன் முன்னறிகுறியாக இருக்கலாம், அன்றே அழையுங்கள். தசை நோயாளிகளிடம் இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் இருமல் உதவிக் கருவி பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

விடுமுறை நாளில் இந்த எண்களைப் படிப்பவர் யார் என்று பெயரோடு எழுதிவையுங்கள். கருவி பழுதுக்கான எண்ணையும் மருத்துவ அவசரத்துக்கான எண்ணையும் தனித்தனியாக வென்டிலேட்டரின் மேலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு வென்டிலேட்டர் பராமரிப்பில் பணிபுரிவோர்