கேலரிக்கு முன்னால் தரை

அன்புள்ள மச்சான்,

நலம். போன வாரம் உன் உம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் அறுவைக்குப் பிறகு பார்வை நன்றாகத் தெளிந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருமுனையில் வரும்போதே என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெருநாளுக்காவது நீ வந்துவிட வேண்டும் என்று சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். இங்கே ஆவணி பிறந்தும் கச்சான் காற்று அடங்கவில்லை. மாலையில் கிரவுண்டில் பிள்ளைகளை ஓடவிட்டு நின்றால் கண்ணிலும் வாயிலும் மணல்தான்.

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கத்தாரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் நம் கால்பந்து கிளப்புக்காகப் பணம் சேர்த்திருக்கிறீர்கள், பார்வையாளர்களுக்குக் கான்கிரீட் கேலரி கட்டி அதற்கு உன் வாப்பாவின் பெயரை வைக்க நினைக்கிறீர்கள் என்பதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. “சரியா தப்பா, ஒரே வார்த்தையில் சொல்” என்றாய். கேலரி இப்போது வேண்டாம் மச்சான். அந்தப் பணம் முதலில் தரைக்கும், தண்ணீருக்கும், பெண் பிள்ளைகளுக்கான அறைக்கும் போகட்டும். ஏன் என்பதை ஒரு வார்த்தையில் அடக்க முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய அல் ஜனூப் அரங்கத்தின் படங்களை வெகுநேரம் பார்த்தேன். பாய்மரக் கப்பலின் பாயைப் போல வளைந்த கூரை, 2022 உலகக் கோப்பையின்போது உள்ளே 40,000 பேருக்கு மேல் இடம். அது இருக்கும் அல் வக்ரா ஒரு காலத்தில் முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஊர் என்று நீ சொன்னபோது எனக்குக் கீழக்கரையின் நினைவு வந்தது. நம் முன்னோர் சங்கும் முத்தும் எடுக்க மூழ்கிய மன்னார் வளைகுடா. அங்கே கடலோர ஊருக்கு அப்படி ஓர் அரங்கம் கிடைத்திருக்கிறது என்றால் நம் ஊருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவது நியாயம். ஆனால் அந்தப் படங்களில் என் கண் முதலில் போனது கூரைக்கு இல்லை, புல்லுக்கு. பாலைவனத்தின் நடுவே மேடு பள்ளம் இல்லாமல், ஒரே பச்சையாக.

நம் கிரவுண்டு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்கு எழுதியே தீரவேண்டும். கடல் பக்கத்து கோல் போஸ்ட்டுக்கு முன்னால் கால் புதையும் மணல். ஊர்ப் பக்கத்து கோலுக்கு முன்னால் களிமண். ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் அங்கே தண்ணீர் நின்று, வடிய வழியில்லாமல் வாரக்கணக்கில் ஆட்டம் நின்றுபோகும். கோடையில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்து, விளிம்பு கத்தியாக நிற்கும். ஓரங்களில் நெருஞ்சி. வேலிக்கு அப்பாலிருந்து சீமைக்கருவேல முள் காற்றில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. இதில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடுகிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு அணியில் பலர் வெறுங்காலுடன் பிரான்ஸை எதிர்த்து ஆடி, 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். அவர்கள் ஆடிய இல்ஃபோர்டு மைதானம் புல்தரை. நம் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒரு பையன் சறுக்கித் தடுத்தால் முழங்கால் தோல் தரையோடு போகிறது. அதனால் யாரும் சறுக்குவதில்லை, கோல் கீப்பர்கள் பாய்வதில்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அந்த பயம் ஆட்டத்தில் தெரிகிறது. திறமை இருந்தும் பாயத் தெரியாத கீப்பரை அனுப்பிவைப்பதைப் போல ஒரு பயிற்சியாளருக்கு வேதனை வேறில்லை.

புல்லைப் பற்றி நான் விசாரித்து வைத்திருக்கிறேன். வெப்ப நாடுகளின் பல ஆட்டக்களங்களில் விரித்திருக்கும் பெர்முடா புல் வேறு எதுவுமில்லை, உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு நாம் மாலையாகச் சாத்தும் அதே அறுகுதான். வெயிலைத் தாங்கும், மிதிபட்டாலும் மறுபடி படரும், ஓரளவு உப்பையும் பொறுத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் கிடக்கிறது. வேரோடு எடுத்து, கணுக்கணுவாக வெட்டி நட்டால் போதும். ஆனால் அதற்கு முன் தரையைத் திருத்த வேண்டும். களிமண் பக்கத்தில் மணலும் மணல் பக்கத்தில் கண்மாய் வண்டலும் கலந்து உழ வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவு கொடுக்க வேண்டும்; நூறடிக்கு ஓரடி இருந்தாலே மழைநீர் தானாக ஓடிவிடும். உரத்துக்கு நம் பக்கத்து வழக்கமே இருக்கிறது. ஆடு மேய்க்கும் கீதாரியிடம் சொல்லிச் சில இரவுகள் மந்தையை அங்கே அடைத்துக் கிடை போட்டால் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் தரையில் இறங்கிவிடும். புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்போது ஆடத் தயாராக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தானே நிற்கும்? கடற்கரைத் தெரு இளைஞர்கள் முழுப் பகலும் கிரவுண்டில் இருக்கும் காலம் அது ஒன்றுதான். நம் ஊர்ப் போட்டிகளை வாப்பா அந்த நாட்களில் வைத்ததும் அதனால்தான்.

தண்ணீர்தான் பெரிய கேள்வி. கிரவுண்டு 100 மீட்டருக்கு 64 மீட்டர், சர்வதேச ஆட்டத்துக்கு விதி கேட்கும் குறைந்த அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் விட்டால் ஒருமுறை நனைக்க 32,000 லிட்டர் வேண்டும். போர்வெல் போட்டால் உவர்நீர். ஆழம் போகப் போக உப்பு கூடும். குடிநீர்க் குழாயைத் தொடுவது பாவம், அந்த வரிசையில் குடத்துடன் நிற்கும் பெண்கள் நம் வீட்டுப் பெண்கள். ஆனால் கணக்கை மறுபக்கம் போட்டுப் பார். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அந்தக் கிரவுண்டின் மேல் மட்டும் 51 லட்சம் லிட்டர் விழுகிறது. இப்போது அதில் ஒரு குடமும் நமக்கு மிஞ்சுவதில்லை. ஓரச் சரிவில் கால்வாய் வெட்டி, பக்கத்தில் தூர்ந்து கிடக்கும் ஊருணியில் விட்டால் கால் பங்காவது சேரும். ஊருணிக்கு வரத்துக்கால் பார்த்து வெட்டிய முன்னோரின் கணக்கு இதுவே. நாம் வரத்துக்காலை மூடிவிட்டுத் தண்ணீர் இல்லை என்கிறோம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்த நீரும் இருக்கிறது. ஐந்து வேளையும் சாக்கடைக்குப் போகிறது. மணல் தொட்டியில் வடித்துக் குழாய் போட்டுக் கொண்டுவரலாமா என்று ஜமாஅத்தில் கேட்டேன், முகம் மலர்ந்து சம்மதித்தார்கள். இவை இரண்டும் கோடை முழுவதற்கும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். வேர் ஆழமாகப் போய்விட்டால் வாரம் இரண்டு முறை நனைத்துப் புல்லை உயிரோடு வைத்திருக்கலாம். சித்திரை வெயிலில் கொஞ்சம் பழுக்கும். மழை வந்தால் திரும்பத் தளிர்க்கும்.

செயற்கைப் புல் விரித்தால் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லையே என்று கிளப்பில் இளைஞர்கள் கேட்கிறார்கள். நீயும் கேட்பாய். அவர்களுடைய ஆசையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் நம் வெயிலில் அது அடுப்புக்கல்லாகிவிடும். 2015 பெண்கள் உலகக் கோப்பை கனடாவில் முழுவதும் செயற்கைத் தரையில் நடக்கப்போகிறது என்று தெரிந்தபோது, முன்னணி வீராங்கனைகளே அதை எதிர்த்து முறையிட்டார்கள். இன்னொன்று எனக்கு அதைவிடப் பெரிது. அந்தப் புல்லின் இடையில் தூவும் ரப்பர்த் துகள் காலணியிலும் காற்றிலும் மழைநீரிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அந்தத் துகள்களின் விற்பனைக்குத் தடை விதித்து, எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. நம் கிரவுண்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பனங்காடுதான். பவளமும் கடற்புல்லும் கடல் பசுவும் இருக்கிற வளைகுடாவில், அதை நம்பியே வாழ்கிறவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டும் மைதானத்திலிருந்து பிளாஸ்டிக் போய்ச் சேரக் கூடாது.

அடுத்தது பெண் பிள்ளைகள். இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது. மாலைப் பயிற்சிக்கு இப்போது பையன்களுக்குச் சரிபாதியாகப் பெண்கள் வருகிறார்கள். கடற்கரைத் தெருவிலிருந்து, பள்ளிவாசல் தெருவிலிருந்து, காலனியிலிருந்து. உடை மாற்ற இடம் இல்லை, கழிப்பறை இல்லை. பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடி உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது. பெரியவளாகிவிட்டால் பல பெண்கள் நின்றுவிடுகிறார்கள். ஆட்டம் பிடிக்காமல் நிற்பதில்லை. ஒரு கதவும் ஒரு குழாயும் இல்லாததால் நிற்கிறார்கள். இங்கிருந்து எட்டிய தூரத்தில் மதுரையை மையமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. அந்தக் கோப்பையைத் தூக்கியவர்களில் பலரும் நம் பிள்ளைகளைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான்.

இதற்கு வழி உன் ஊரிலேயே இருக்கிறது. தோஹாவில் கப்பல் கொள்கலன்களை அடுக்கிக் கட்டினார்களே 974 அரங்கம், அதை நீ நேரில் பார்த்திருக்கிறாய். தூத்துக்குடித் துறைமுகத்தில் பழைய கொள்கலன்கள் விலைக்குக் கிடைக்கின்றன. உப்புக்காற்றில் கடல் கடந்து போவதற்கென்றே செய்த இரும்பு அது. இரண்டை வாங்கி, சன்னல் வெட்டி, மேலே இடைவெளி விட்டுப் பனையோலைக் கூரை போட்டால் உள்ளே சூடு குறையும். ஒன்று பெண்களுக்கு, ஒன்று பையன்களுக்கு. இரண்டிலும் உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், கழிப்பறை. முதலுதவிப் பெட்டி, பந்துகள், சுண்ணாம்பு மூட்டை எல்லாவற்றுக்கும் பூட்டு. இப்போது பந்துகள் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

இனி கேலரி. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு கால்பந்துப் போட்டியில் தற்காலிக கேலரி சரிந்து இருநூறு பேர் அளவுக்குக் காயமடைந்தது உனக்கு நினைவிருக்கும். அதனால்தான் கான்கிரீட் என்கிறாய். சரியான எண்ணம். ஆனால் கடலுக்கு இவ்வளவு அருகில் நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கடலோர ஒழுங்குமுறை அனுமதி வேண்டும். அது வந்தாலும், உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிப்பதை நம் கடற்கரையில் எத்தனை கட்டடங்களில் பார்த்திருக்கிறோம்.

என் யோசனை இது. ஊருணியைத் தூர்வாரினால் மண் வரும். ஊராட்சியில் முறையாக அனுமதி வாங்கி, அந்த மண்ணைக் கிரவுண்டின் மேற்கு ஓரத்தில் நீளமான மேடாகப் படிப்படியாகக் கொட்டி அறுகு படரவிடுவோம். நம் கிரவுண்டு தெற்கு வடக்காக இருப்பதால் கீப்பர்கள் கண்ணில் மாலை வெயில் விழாது. மேற்கு மேட்டில் உட்காருகிறவர்களுக்கும் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேட்டின் உச்சியில் புன்னையும் பூவரசும் வைத்தால் கச்சானும் தணியும். மண்மேடு என்றால் யாரும் இழிவாக நினைக்க வேண்டாம். லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டில் உலகமே அறிந்த ‘காப்’ கேலரி 1906-இல் மண்மேடாகத்தான் எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பல வீரர்கள் மாண்ட ஸ்பியான் காப் குன்றின் பெயர் அது. 1900-இல் அந்தக் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்ற இந்தியர்களில் காந்தியும் ஒருவர்.

வாப்பாவின் பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் எழுத மிகவும் தயங்கினேன். அந்த இடத்தைக் கிளப்புக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். பெயர்ப்பலகை வைக்க வேண்டாம் என்று அன்றே சொன்னவரும் அவர். இப்போது வைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, ஊரே மகிழும். ஆனால் அந்தப் பெயர் முழு மைதானத்துக்கும் இருக்கட்டும் மச்சான், ஓர் ஓரத்துக் கேலரிக்கு வேண்டாம். இராமநாதபுரத்தில் நம் மாவட்ட விளையாட்டரங்கத்துக்குச் சீதக்காதி சேதுபதி என்றல்லவா பெயர்? கீழக்கரை வள்ளலும் சேது நாட்டு மன்னரும் நண்பர்களாக இருந்ததை அந்தப் பெயர் இன்றும் சொல்கிறது. அவ்வளவு பெரியவர் வாப்பா என்று எனக்குத் தோன்றும்.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. வேண்டும், ஆனால் கடைசியில். கம்பங்கள் துத்தநாகப் பூச்சுள்ளவையாக இருக்கட்டும். வெளிச்சம் கடல் பக்கம் சிந்தக் கூடாது. தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடும் கரை இது, பொரித்து வரும் குஞ்சுகள் விளக்கைப் பார்த்தால் கடலுக்குப் போகாமல் ஊருக்குள் நகர்ந்துவிடும். கோல் வலைக்குப் பணமே வேண்டாம், கடற்கரைத் தெருப் பெண்கள் பின்னித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டு. கேள்விகள் வந்தால் எழுது. பணத்தை மொத்தமாக அனுப்ப வேண்டாம். முதல் தவணை உழவுக்கும் வண்டலுக்கும் கால்வாய்க்கும் மட்டும்; செலவுக் கணக்கை மாதாமாதம் கிளப் பலகையில் ஒட்டி உனக்கும் படம் அனுப்புகிறேன். கிடை போட கீதாரியிடம் வாய்ச்சொல் வாங்கி வைத்திருக்கிறேன், உன் பதில் வந்தால் உறுதி செய்வேன்.

பெருநாளுக்கு வரும்போது பெண் கீப்பர்களுக்குச் சின்ன அளவில் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வா. இங்கே கிடைப்பதெல்லாம் பெரியவர்கள் அளவில்தான் இருக்கிறது. காற்று அடிக்கும் பம்பும் ஒன்று.

அன்புடன்,
உன் கூட்டாளி