ஸ்டாலினுக்கு முன்பே விழுந்த விரிசல்

ஆசிரியருக்கு,

வணக்கம். ரஷ்யப் புரட்சி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்க்ஸ் சொன்னது சரி, லெனின் செய்ததும் சரி, ஸ்டாலின் வந்துதான் எல்லாம் கெட்டது என்கிற பழைய பல்லவிதான். இதை மறுப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை, தத்துவமே தப்பு என்று ஒரே வரியில் கடையைக் கட்டிவிடுகிறார்கள். புரட்சி நடந்த 1917க்கும் 1921க்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை இரண்டு தரப்புமே தாண்டிக் குதித்துவிடுகிறது.

ரஷ்யாவில் புரட்சி வரும் என்று மார்க்ஸ் நினைக்கவே இல்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதிதான் உண்மை. தொழில் வளர்ந்த மேற்கு ஐரோப்பாவைத்தான் அவர் முதலில் எதிர்பார்த்தார், சரி. ஆனால் 1881இல் வேரா ஜாசுலிச் என்ற ரஷ்யப் புரட்சிக்காரர், எங்கள் கிராமங்களில் இருக்கும் பொதுநில முறை முதலாளித்துவத்தில் அழிந்தே தீர வேண்டுமா என்று கேட்டு எழுதியபோது, மார்க்ஸ் பல தடவை நீளநீளமாக எழுதிப் பார்த்து, கடைசியில் ஒரு சின்னக் கடிதம்தான் அனுப்பினார். அந்தத் திணறலே நமக்கு ஒரு செய்தி. அடுத்த வருடம் கம்யூனிஸ்ட் அறிக்கையின் ரஷ்யப் பதிப்புக்கு எங்கெல்ஸோடு சேர்ந்து எழுதிய முன்னுரையில் ஒரு நிபந்தனையும் போட்டார்: ரஷ்யப் புரட்சி மேற்கில் தொழிலாளர் புரட்சியைக் கிளப்பிவிட்டால்தான் அந்தப் பொதுநிலம் கம்யூனிசத்துக்குத் தொடக்கமாக இருக்க முடியும்.

லெனினின் கட்சியினரான போல்ஷிவிக்குகள் பந்தயம் கட்டியதும் இதன் மேல்தான். ஜெர்மனி எழும், நம்மைத் தூக்கிவிடும் என்று நம்பினார்கள். ஜெர்மனி 1918 நவம்பரில் எழத்தான் செய்தது. ஆனால் 1919 ஜனவரியில் அங்கே புரட்சித் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டார், பெர்லின் எழுச்சி நசுக்கப்பட்டது. ஐந்தில் நான்கு பேர் விவசாயிகளாக இருந்த ஒரு நாட்டில் தொழிலாளர் அரசு தனியாக மாட்டிக்கொண்டது. இதைத் தத்துவத்தின் தோல்வி என்பீர்களா, கணக்குப் பிசகியது என்பீர்களா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது, அதற்காக அந்தக் கணக்கைப் போட்டவர்களை விட்டுவிட முடியாது.

அப்புறம், கட்டுரையாளர் தொடவே தொடாத விஷயம் ஒன்று. 1917 ஆகஸ்ட், செப்டம்பரில் தலைமறைவாக இருந்தபோது லெனின் எழுதிய 'அரசும் புரட்சியும்' நூலில் நிர்வாகம் என்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரிந்து, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்து, ஒழுங்காக ரசீது போடத் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கணக்கையும் கண்காணிப்பையும் பார்த்துக்கொள்ளலாம். 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் கொஞ்ச காலம் நடத்திய பாரிஸ் கம்யூன் ஆட்சி காட்டியபடி எல்லா அதிகாரிக்கும் தொழிலாளியின் கூலிதான், பிடிக்காவிட்டால் மக்கள் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

ஏழெட்டு மாதம்தான் போனது. 1918 ஏப்ரலில் அதே லெனின், நிபுணர்களுக்கு மிக அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது, இது கம்யூன் கொள்கையிலிருந்து பின்வாங்குவதுதான் என்று மூடி மறைக்காமல் எழுதுகிறார். வேலை நேரத்தில் தொழிலாளர்கள் ஒரே ஆளின் சொல்லுக்கு மறுபேச்சில்லாமல் கட்டுப்பட வேண்டும் என்கிறார். சில வருடங்களுக்கு முன் தொழிலாளியைக் கசக்கிப் பிழியும் விஞ்ஞானம் என்று தானே திட்டிய, ஒவ்வொரு அசைவையும் நேரம் வைத்து அளந்து வேலை வாங்கும் டெய்லர் முறையைப் படித்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். உள்நாட்டுப் போர் முழு வேகம் எடுப்பதற்கு முன்பே எழுதியது இது. அதனால் எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிடவும் முடியாது. தேர்தலில் போல்ஷிவிக்குகளுக்குப் பெரும்பான்மை கிடைக்காத அரசியல் நிர்ணய சபையை ஒரே நாள் கூட்டத்தோடு ஜனவரியிலேயே கலைத்தாயிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்திலும் இதே கதை. புரட்சிக்கு மறுநாள் வந்த நில ஆணை போல்ஷிவிக் திட்டமே இல்லை, போட்டிக் கட்சியான சோசலிஸ்ட் புரட்சியாளர்களின் திட்டம். லெனினே அதை மறுக்கவில்லை, மக்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறோம் என்றார். விவசாயி நிலத்தை எடுத்துக்கொண்டான். தானியத்தைக் கேட்டபோது தரவில்லை. ஆயுதத்தோடு போய்ப் பறித்தார்கள். 1921 மார்ச்சில் புரட்சிக்குத் தூணாக இருந்த கிரான்ஸ்டாட் கடற்படைத் தள மாலுமிகளே கிளர்ந்தெழ, அதே மாதம் பறிமுதலைக் கைவிட்டு வரியாக வாங்க முடிவெடுத்து, சந்தையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்டாலின் பொதுச்செயலாளர் ஆவதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவர் செய்த கொடுமைகளை இது குறைத்துவிடாது. ஆனால் அவர் கையில் கிடைத்த அரசு ஏற்கெனவே அந்த ரசீது கணக்கு அரசு இல்லை.

லெனினின் 'அரசும் புரட்சியும்' நூலின் ஏழாவது அத்தியாயத்துக்கு 1905, 1917 ரஷ்யப் புரட்சிகளின் அனுபவம் என்று தலைப்பு. தலைப்புக்கு மேல் அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை. புரட்சி குறுக்கே வந்துவிட்டது, புரட்சியைப் பற்றி எழுதுவதைவிட அதில் வாழ்வது இனிமை என்று பின்குறிப்பு போட்டு முடித்துவிட்டார். உங்கள் கட்டுரையாளர் தொடர் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த பகுதியை லெனின் இறந்த 1924இல் ஆரம்பிக்காமல், 1918 ஏப்ரலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்