‘சீனி இல்லாத’ அணிச்சலில் மாவு எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் ‘சீனி இல்லாத மசாலா அணிச்சல்’ (கேக்) என்று தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் சமையல் குறிப்புகள் வெளிவருகின்றன. எங்கள் பாடாங் செராய் வட்டாரத்துக் குடியிருப்புத் தாமான்களில் வீட்டிலிருந்தே அணிச்சல் செய்து விற்கும் பெண்களும் அதே பெயரில் ஆர்டர் எடுக்கிறார்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களை மறக்காமல் அவர்களுக்கென்று தனியாக ஒன்றைச் செய்யும் அக்கறை பாராட்டுக்குரியது. ஆயினும் அந்தக் குறிப்புகள் பலவற்றில் வெள்ளைச் சீனியின் இடத்தைப் பேரீச்சம்பழமோ குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லமோ தேனோ பிடித்துக்கொள்கிறது. மாவு மட்டும் அதே கோதுமை மாவாகவே இருக்கிறது.

வழக்கமான ஓர் அணிச்சலுக்கு 250 கிராம் கோதுமை மாவும் 200 கிராம் சீனியும் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். மாவில் ஏறத்தாழ 190 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) இருக்கிறது. சீனி முழுவதுமே மாவுச்சத்துதான். பன்னிரண்டு துண்டு போட்டால், துண்டுக்குச் சுமார் 32 கிராம். சீனியை எடுத்துவிட்டு அதே எடையில் பேரீச்சம்பழத்தைப் போட்டால் அது 28 கிராமுக்கு இறங்கும், அவ்வளவே. இனிப்பே சேர்க்காவிட்டாலும் மாவினால் மட்டும் துண்டுக்கு 16 கிராம் வந்துவிடுகிறது. நம் மருத்துவமனைகளில் உணவு ஆலோசகர்கள் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்காகக் கணக்கிட்டுச் சொல்லித்தருகிறார்கள். “சீனியே போடல அத்தே, தைரியமாச் சாப்பிடுங்க” என்று திறந்த இல்ல உபசரிப்பில் அன்போடு தட்டில் வைக்கப்படும் இரண்டு துண்டு, அந்த அத்தையின் இரத்தத்தில் என்ன செய்யும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023இல் நாட்டு விகிதம் 15.6ஆகக் குறைந்தபோதும் முதலிடம் நம்மிடமே இருந்தது. ஆகவே, வீட்டு அணிச்சலைச் சிறிய விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மாவை மாற்றினால் கணக்கே மாறிவிடுகிறது. பாதாமில் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டியே மாவுச்சத்து உண்டு. அதிலும் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. 200 கிராம் பாதாம் மாவு, 30 கிராம் தேங்காய்த் தூள், நான்கு முட்டை, 100 கிராம் உருக்கிய வெண்ணெய், 80 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப்பால், 100 கிராம் எரித்ரிட்டால் என்னும் இனிப்பூட்டி, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றோடு பட்டைத் தூள், சுக்கு, ஏலக்காய், சிறிது கிராம்பு, துருவிய ஜாதிக்காய் சேர்த்தால், நார்ச்சத்தையும் எரித்ரிட்டாலையும் கழித்துத் துண்டுக்கு இரண்டு கிராம் அளவிலேயே மாவுச்சத்து நிற்கும். 160 பாகை வெப்பத்தில் நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் போதும். பாதாம் சீக்கிரம் கருகும் என்பதால், மேற்புறம் சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடிவிட வேண்டும். கோதுமையின் பசைத்தன்மை இதில் இல்லை. சூட்டோடு கவிழ்த்தால் உதிர்ந்துவிடும். நன்றாக ஆறவிட்டு மறுநாள் வெட்டினால் துண்டு உடையாது, மசாலா வாசமும் ஊறியிருக்கும்.

பாதாம் மாவின் விலை தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதை அறிவேன். முழுப் பாதாமை வாங்கி வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, ஈரம் போக நன்கு காயவைத்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டினால் வீட்டிலேயே மாவாகிவிடும். விடாமல் அரைத்தால் எண்ணெய் கசிந்து கட்டியாகிவிடும். தேங்காய்த் தூளுக்குக் கடைக்கே போக வேண்டாம். பால் பிழிந்தபின் நாம் தூக்கி எறியும் சக்கையை உலர்த்திப் பொடித்தாலே போதும். ஆனால் அது ஈரத்தை வெகுவாக உறிஞ்சும் என்பதால், பாதாமுக்குப் பதிலாக அதே அளவு போட்டுவிடக் கூடாது.

இனிப்பூட்டிகளிலும் எல்லாம் ஒன்றல்ல. ‘சீனி இல்லை’ என்று அட்டையில் அச்சிட்ட பொருள்கள் சிலவற்றில் மால்டிட்டால் இருக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். எரித்ரிட்டால் அப்படி ஏற்றுவதில்லை. ஆயினும், இரத்தத்தில் அதன் அளவு மிகுந்திருந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அதுவே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. என்றாலும் இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக இந்த அணிச்சலை உண்டால் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். பாதாமில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி என்பதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இது ஏற்றதன்று. பட்டை சேர்த்திருக்கிறது என்ற தைரியத்தில் மருந்தை நிறுத்துவது கூடவே கூடாது.

எனவே, தாங்கள் வெளியிடும் இத்தகைய குறிப்புகளில் எந்த மாவு, எத்தனை கிராம், எந்த இனிப்பூட்டி, எத்தனை துண்டு, துண்டுக்கு எவ்வளவு மாவுச்சத்து என்ற ஐந்தையும் கட்டாயம் அச்சிட வேண்டுகிறேன். ஆர்டர் எடுக்கும் சகோதரிகளும் பெட்டியின் மேல் ஒரு சிறு தாளில் இதையே எழுதி ஒட்டலாம். அடுத்த தீபாவளி மலருக்கான குறிப்புகளைத் திரட்டும் முன்பே ஆசிரியர் குழு இதற்கு ஆவன செய்யும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாடாங் செராய், கெடா