லோக்கல்ஹோஸ்ட் யாருடையது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது அணியில் பொறுப்பு கூடியிருப்பது மகிழ்ச்சி. இங்கேயும் ஒரு மாற்றம்: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வழிகாட்டும் வேலை இப்போது என்னுடையது. நீ கேட்டதையேதான் அவர்களும் கேட்கிறார்கள்: "மற்றவர்கள் மெஷினில் ஓடுகிறதே, என்னுடையதில் ஏன் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை?"

முதலில் உன் டாக்கர் சிக்கல்: ஆப்பை டாக்கரின் கன்டெய்னருக்குள், அதாவது தனியாக ஓடும் பெட்டிக்குள், போட்டதும் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை. ஆப்பை லேப்டாப்பில் நேரடியாக ஓட்டினால் ஹோஸ்ட் (டேட்டாபேஸ் இருக்கும் மெஷினின் பெயர்) லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இந்த மெஷினே', என்றிருப்பது சரி. கன்டெய்னருக்குள் போட்டதும் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இருப்பதோ பக்கத்துக் கன்டெய்னரில். அதனால்தான் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வருகிறது. கன்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு வைத்த பெயரையே ஹோஸ்டாகக் கொடு. போர்ட்டையும் (டேட்டாபேஸ் கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் எண்) பார்த்துக்கொள். 5433:5432 என்று மேப் செய்திருந்தால் லேப்டாப்பிலிருந்து போக 5433. கன்டெய்னரிலிருந்து போக 5432தான்.

பாஸ்வேர்டை மாற்றியும் பழையதுதான் வேலை செய்கிறது என்றாயே, அதற்குக் காரணம், கன்டெய்னர் போனாலும் டேட்டாவை வைத்திருக்கும் வால்யூம். கம்போஸில் கொடுக்கும் பாஸ்வேர்டை போஸ்ட்கிரஸ் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), டேட்டா கோப்புறை காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பிறகு எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. டேட்டாபேஸுக்குள் போய் ஆல்டர் யூசர் கட்டளையால் மாற்று. சோதனை டேட்டாதான் என்றால் வால்யூமை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு. புது பாஸ்வேர்டில் @ இருந்தால், கனெக்‌ஷன் யூஆர்எல்லில் அதை %40 என்று எழுத வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் லோக்கல்ஹோஸ்ட் பற்றி இன்னொன்று உண்டு. லினக்ஸில் அதன் கமாண்ட் லைன் கிளையன்ட், லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதே மெஷினுக்குள் பேசும் சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்றால் டிசிபி என்ற நெட்வொர்க் முறை வழியாக.

ஹோஸ்ட், போர்ட், பாஸ்வேர்ட் இவற்றையெல்லாம் கோடுக்குள் எழுதி வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆப்களை ஓட்டித்தரும் ஹெரோகு நிறுவனத்தில் இருந்தவர்கள் எழுதிய ட்வெல்வ் ஃபேக்டர் ஆப் ஆவணம் நல்ல சோதனை ஒன்றைச் சொல்கிறது: இந்த நிமிடமே கோடை ஊரறிய வெளியிட்டால் ஏதாவது ரகசியம் கசியுமா? கசியும் என்றால் செட்டிங்ஸ் இருக்கும் இடம் தப்பு. செட்டிங்ஸை வேரியபிள்களாக வைக்கும் என்வி கோப்பில் வை, அதை கோடின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் சேர்க்காதே. வேரியபிள்களின் பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பைச் சேர். புதிதாக வருபவருக்கு அது போதும். ஏற்கெனவே கிட்டில் பதிவான (கமிட் ஆன) பாஸ்வேர்டைக் கோப்பிலிருந்து நீக்கினாலும் ஹிஸ்டரியில் இருக்கும். அந்தப் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும்.

உன் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றுதான்: சிலர் லோக்கல் ஆப்பை, அணி முழுவதும் சோதனைக்குப் பகிரும் ஸ்டேஜிங் டேட்டாபேஸில் இணைத்து வேலை பார்க்கிறார்கள் என்பது. தயவுசெய்து நிறுத்தச் சொல். ஒருவர் பாதி எழுதிய மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் கோடு) ஓட்டினால் எல்லோருடைய டேபிளும் மாறிவிடும். ஆப் எழும்போதே ஹோஸ்ட், டேட்டாபேஸ் பெயர் இரண்டையும் லாகில் காட்டச் சொல், பாஸ்வேர்ட் மட்டும் வேண்டாம். எங்கே இணைந்திருக்கிறோம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இதைச் செய்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்