மேல்மலைப் பெண்களுக்கு மூன்றாம் மாதமே டாப்ளர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கர்ப்பகால ரத்த அழுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையில் உணவு, ஓய்வு, மாத்திரை எல்லாம் இருந்தன. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை டாப்ளர் என்ற ஸ்கேனில் அளந்து ஆபத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. கொடைக்கானல் மேல்மலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதை அப்படியே விட மனம் வரவில்லை.

கரு தங்கியதும், நஞ்சுக்கொடியின் செல்கள் கர்ப்பப்பையின் சிறு ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலமாக்குகின்றன. குழந்தைக்கு வேண்டிய ரத்தம் அப்போதுதான் தாராளமாக வரும். சிலருக்கு இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பிறகு தாய்க்குப் பிரஷர் ஏறுவதும், குழந்தை வளராமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். கால் வீக்கமோ தலைவலியோ வருவதற்குப் பல வாரங்கள் முன்பே, கர்ப்பப்பைத் தமனியில் ரத்தம் தடைபட்டு ஓடுவதை டாப்ளர் காட்டிவிடும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனோடு இன்னும் சில நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இந்த ஒரு அளவை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் உண்மை. ரத்த அழுத்தம், வயது, எடை, முந்தைய பிரசவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தவருக்கும் கடைசி மாதத்தில் பிரஷர் வரலாம். ஆனால் 37 வாரத்துக்கு முன்பே குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடும் வகையை இந்த முறை நன்றாகப் பிடிக்கிறது. 2017-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஆபத்து அதிகம் என்று இப்படிக் கண்டறிந்த பெண்களுக்கு தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 36 வாரம் வரை கொடுத்தார்கள். அந்த வகை பாதிப்பு 62 சதவீதம் குறைந்தது. டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும், அதுவும் 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் கண்டுபிடித்தால் இதற்கு நேரம் கடந்துவிடுகிறது.

கிளாவரை, பூண்டி போன்ற மேல்மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இந்த வாரங்கள் உயிர் போன்றவை. ஏழாம் மாதத்தில் தலைவலி என்று படுத்த ஒரு பெண்ணுக்கு, குளிர்தான் காரணம் என்று வீட்டில் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மழையில் பாதையில் மரம் விழுந்து கிடந்தது. தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. அவளுக்கு ஆபத்து அதிகம் என்று மூன்றாம் மாதமே தெரிந்திருந்தால், வாராவாரம் பிரஷர் பார்த்திருப்போம். குழந்தை வளர்ச்சி குறைந்தால் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் டாப்ளரில் பார்த்து, நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசி போட்டு, பகல் வெளிச்சத்திலேயே தேனிக்கோ மதுரைக்கோ கூட்டிப்போயிருப்போம். 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் சீசன் நாளில் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் போகிறது. கடைசி நேரத்தில் ஓடுவதை நம்பி இங்கே யாரும் பிள்ளை பெற முடியாது.

எனவே மலைப்பகுதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளின் முதல் ஸ்கேனிலேயே கர்ப்பப்பைத் தமனி அளவையும் எடுக்க சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். அதை முறையாக அளக்க டாக்டர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், தப்பாக அளந்தால் வீண் பயம்தான் மிஞ்சும். முடிவைத் தாய் சேய் அட்டையில் எழுதிக் கொடுத்தால், வீடு தேடிப் போகும் செவிலியருக்கு யாரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்.